நாலாவது பட்டன்

“இன்னும் எவ்வளவு நேரம் பாஸ்? இன்னும் நாலு உதை விழுந்தா கதவு என் முதுகுலயே ஒட்டிக்கும்!”

அய்யாவு குறுகிய நடையின் எதிர்ச்சுவரில் இரண்டு பாதங்களையும் ஊன்றி, முதுகைக் கதவுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். வெளியே இருந்து விழுந்த ஒவ்வோர் உதைக்கும் அவனுடைய மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கைகுலுக்கிக்கொண்டன.

“தொறடா நாயே! திருட்டுக் கெழவனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டீங்களா? தொறக்கிறியா, உடைச்சுட்டு வரவா?”

“ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே, நீங்க ஆசைப்பட்டபடி பண்ணுங்க!” என்று அய்யாவு கதவுக்குப் பதில் சொன்னான்.

“வாயை மூடு,” என்றார் அந்தோனிப்பிள்ளை, உள்ளறையிலிருந்து. அவருடைய வாயில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. போர்ட் கிள்ளான் சுங்கச் சாவடியில் இருபத்திரண்டு வருஷம் ஊரார் பெட்டியைத் திறந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைத் துப்பறியும் நிபுணர் என்ற பலகையின் கீழ் செய்துகொண்டிருந்தார். அய்யாவு அதே துறைமுகத்தில் லோரிக்கு எடுபிடியாக இருந்து, வாயை அடக்காததால் மூன்று லோரிகளிலிருந்து இறக்கிவிடப்பட்டவன்.

இப்போது அந்தோனிப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து திறந்து வைத்திருந்தது ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி. முகப்பில் சிவப்பு எண்கள் எரியும் சின்ன ஜன்னல். அதன் கீழே ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டு அம்புக்குறிகள். அதற்கும் கீழே ஒன்று முதல் நான்கு வரை பட்டன்கள். அவர் தலைக்கு மேலே, முக்காலியில், ஒன்றரை ஆள் நீளத்துக்கு டெலஸ்கோப். கண் வைக்கும் முனையில் உள்ளேயும் வெளியேயும் நகர்ந்து படத்தைத் தெளிவாக்கும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. கையால் திருகினால் படம் ஆடிப்போகும் என்பதற்காக அதில் தீப்பெட்டி அளவு மோட்டார் ஒன்றைப் பொருத்தியிருந்தார், வீட்டுக்காரர் வல்லிபுரம். டெலஸ்கோப்பின் மறுமுனை ஜன்னல் வழியாக பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவைத் தாண்டி, எதிர்வரிசை நாகையா நகைக்கடையின் மாடி அலுவலகத்தைப் பார்த்தபடி நின்றது.

அப்படி நின்றதுதான் வினை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நாகையா கடையின் இரும்புப் பெட்டகம் ஒரு கீறல் கூட இல்லாமல் திறக்கப்பட்டு, உள்ளே இருந்த நகை அத்தனையும் போனது. எண்வட்டைத் திருகித் திறக்கிற பெட்டகம் அது. எண் நாகையாவுக்கு மட்டும்தான் தெரியும். தினமும் காலை பத்து மணிக்கு, அறையில் இருப்பவர்களுக்கு முதுகைக் காட்டி, உடம்பால் மறைத்துக்கொண்டு திறப்பார். அறைக்கு மறைத்தார்; ஜன்னலை மறந்தார். போலீஸ் ஜன்னலில் நின்று எதிரே பார்த்தது. டெலஸ்கோப் தெரிந்தது. டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, அறுபத்தேழு வயது வல்லிபுரம் ஐந்து நாளாகப் போலீஸ் லோக்காப்பில் இருக்கிறார். இன்று நாலு மணிக்குக் கோர்ட்டில் குற்றம் சாட்டப் போகிறார்கள்.

இப்போது மணி இரண்டே முக்கால்.

“நான் கோயிலுக்குப் போன நேரம் ஆரோ வந்து அதைத் திருப்பியிருக்கினம்,” என்று வல்லிபுரம் லோக்காப்பில் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை அவர் கந்தசாமி கோயிலில் இருப்பார். வீட்டுச் சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கும். இரண்டும் கட்டடத்துக்கே தெரியும். போன வருஷம் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் தெரு முழுக்கச் சனிக்கிரகம் காட்டியவர் என்பதால், பெட்டியின் வேலையும் தெருவுக்கே தெரியும். “ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு இடத்தை நினைவு வைச்சிருக்கும். அமத்தினால் குழாய் தானா அந்த இடத்துக்குப் போய் நிக்கும். முதல் மூண்டும் என்ரை. நாலாவதை நான் தொட்டதே இல்லை. அதில ஏதாவது இருந்தால், அது வேற ஆள் வைச்சது.”

இன்ஸ்பெக்டர் தம்புசாமி சிரித்தாராம். “நாலாவதுல கடை தெரிஞ்சா, அது உனக்குக் கயிறுய்யா.”

அய்யாவின் கணக்கும் அதுதான். பெட்டியை இணைக்காவிட்டால் கிழவர் உள்ளே. இணைத்து, பெட்டகம் பளிச்சென்று தெரிந்துவிட்டால், இன்னும் ஆழமாக உள்ளே.

“சிவப்புக்குச் சிவப்பு. பச்சைக்குப் பச்சை. மஞ்சளுக்கு மஞ்சள். கறுப்புக்குக் கறுப்பு.” அந்தோனிப்பிள்ளை மோட்டாரின் நாலு திருகுகளிலிருந்து பெட்டியின் நாலு திருகுகளுக்கு ஒட்டு வயர் கொடுத்து முடித்தார். ‘உள்ளே’ என்ற அம்பை அமுக்கினார்.

மோட்டார் முனகியது. சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வந்தன. குழாய் வெளியே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ‘கரக்’ என்று முட்டிக்கொண்டு நின்றது.

“என்ன பாஸ், கிள்ளான் பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கு? ‘உள்ள போ, உள்ள போ’ன்னு கத்திக்கிட்டு அவன் வெளிய தொங்குவான்.”

“சிரிக்காதே. குழாய் முழுசா உள்ள போற இடம்தான் பூஜ்யம். அங்கிருந்துதான் பெட்டி எண்ணும். இப்படித் தலைகீழா ஓடினா நாலாவது பட்டன் நம்மளை வேற ஊருக்குக் கொண்டு போய் விட்டுடும்.”

“வயரை மாத்திக் குடுங்களேன்.”

“எதை எதோட? தப்பா சேர்த்து உள்ள இருக்கிற சிப் கருகிட்டா நாலாவது பட்டனும் சேர்ந்து கருகும். அப்புறம் நாலு மணிக்கு நீ போய் கோர்ட்ல ஜோக் சொல்லு.”

“என்ன செய்யிறியள் ரெண்டு பேரும்?” சமையலறை வாசலில் நின்ற குணபூசணி சீறினாள். வல்லிபுரத்தின் தங்கை, ஓய்வுபெற்ற நர்ஸ், இவர்களை அமர்த்தியவளும் அவள்தான், இவர்களை முதல் நிமிஷத்திலிருந்து நம்பாதவளும் அவள்தான். “கதவும் போச்சு, எங்கட அண்ணையின்ரை சாமானும் போச்சு. உங்களுக்கு உது விளங்குமெண்டே வந்தனீங்கள்?”

“அக்கா, போலீஸ் எடுத்த லிஸ்ட்ல டெலஸ்கோப் இருக்கு, பெட்டி இருக்கு. ரெண்டையும் சேர்க்கிற வயர் மட்டும் இல்ல. உங்க அண்ணன் எதை வெச்சு சேர்ப்பார்?”

“எனக்கு உந்த விசர்க் கூத்தெல்லாம் தெரியாது. அந்தாள் நட்சத்திரம் பார்க்கிற நேரம் ஒரு அவசரத்துக்குப் போன் அடிச்சால் கூடப் பிரயோசனம் இல்லை.”

“எடுக்க மாட்டாரா?”

“எடுப்பார். எடுத்தால் ஒரு சத்தமும் வராது. நான் இஞ்சால கத்திக்கொண்டிருப்பன்.”

“டெலிபோன்காரர் வீட்டுலயே டெலிபோன் ஊமையா?” அய்யாவு உதையோடு உதையாகச் சிரித்தான். “வைத்தியர் வீட்டுல காய்ச்சல் மாதிரி...”

அவன் முடிக்கவில்லை. அந்தோனிப்பிள்ளை எழுந்துவிட்டார். மூலை மேசையில் இருந்த பச்சை டெலிபோனையும், அதன் ரிசீவரை டெலிபோனோடு பிணைத்திருந்த சுருள் வயரையும் பார்த்தார். பிறகு, மோட்டாரின் பக்கவாட்டில் இருந்த சின்னச் சதுர ஓட்டையைப் பார்த்தார். தகரப் பெட்டியிலும் அதே ஓட்டை. காலையில் அய்யாவு கடையில் வாங்கி வந்த டெலிபோன் வயர் அதில் நுழையாத அளவுக்குத் தடித்திருந்தது. அது சுவரில் மாட்டுகிற வயர். ரிசீவரில் மாட்டுகிற முனை அதைவிடச் சின்னது.

அவர் கையை நீட்டிய நேரம் டெலிபோன் அலறியது.

“யாரு பாஸ்?”

“யாரா இருந்தாலும் பேச முடியாது.” ரிசீவரிலிருந்தும் டெலிபோனிலிருந்தும் சுருள் வயரைப் பிடுங்கினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வயரின் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணருகே பிடித்தார். “இங்க பாரு. இந்த முனையில சிவப்பு இடது பக்கம். அந்த முனையில சிவப்பு வலது பக்கம். ரிசீவர் வயர் இப்படித்தான் மாறி வரும். பேசுறதுக்கு அது ஒரு குறையில்லை. மோட்டார் திரும்பி ஓடும். டெலிபோன்காரர் என்ன பண்ணுவார்? வயரை வெட்டி ஒட்டுவாரா? வயர் எந்த வீட்டுலயும் கிடைக்கும். அதனால வயருக்கு ஏத்த மாதிரி பெட்டிக்குள்ளயே மாத்தி வெச்சுட்டார். நாம ஒழுங்கா நிறத்துக்கு நிறம் சேர்த்தோம். ஒழுங்குதான் தப்பு.”

ஒட்டு வயர்களைக் கழற்றி எறிந்தார். சுருள் வயரின் ஒரு முனை மோட்டாரில் ‘டக்’. மறுமுனை பெட்டியில் ‘டக்’. ‘உள்ளே’.

குழாய் சாதுவாக உள்ளே போனது. முட்டி நின்றதும் பூஜ்யம் வைத்தார். டெலிபோன் மணி ஓய்ந்தது. கதவில் ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டு அய்யாவின் மடியில் விழுந்தது.

நாலாவது பட்டனை அமுக்கினார்.

காலியாக இருந்தால் குழாய் அசையக் கூடாது. அசைந்தது. எண்கள் ஏறின. நூறு. நூற்றெண்பது. இருநூற்றுப் பன்னிரண்டில் மோட்டார் தானாக நின்றது. குணபூசணி வாயில் சேலைத் தலைப்பை அழுத்திக்கொண்டாள்.

அந்தோனிப்பிள்ளை குனிந்து பார்த்தார். ஒரு கண்ணால். பிறகு மறு கண்ணால். ஒரு ரயில் கட்டடத்தை உலுக்கிவிட்டுப் போகும்வரை நிமிரவில்லை.

“பாஸ்? சேஃப் தெரியுதா?”

நிமிர்ந்தார். துறைமுகத்தில் மூட்டைக்குள் கை விட்டவர், அங்கே எது அகப்பட்டாலும் காட்டாத அந்த முகம்.

“கதவைத் தொற.”

“தொறந்தா அடிப்பான் பாஸ்.”

“அடிக்கட்டும். தொற.”

அய்யாவு எழுந்ததும் கதவே மரியாதையாகத் திறந்துகொண்டது, கீல் ஒன்று இல்லாமல். முதலில் வந்தது நகைக்கடை மானேஜர் விஜயனின் கை. அது அய்யாவின் சட்டைக் காலரைப் பிடித்தது. பின்னால் கடைச் சிப்பந்திகள் இரண்டு பேர். அவர்களுக்கும் பின்னால் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் தம்புசாமி.

“விடுய்யா அவனை,” என்றார் இன்ஸ்பெக்டர். “பிள்ளை, எத்தனை தடவை போன் அடிக்கிறது? எடுக்கக் கூடாதா?”

“போன் வேற வேலையா இருந்துச்சு.”

“சாட்சியத்தைக் கலைக்கிறான் சார் இவன்!” விஜயன் கத்தினான். முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பித்தான். கனத்த கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் சுண்டிப்போய் இரண்டு மிளகு மாதிரி இருந்தன. “எங்க கடை தவ்கே நாகையா அஞ்சு நாளா சாப்பிடல. இந்தக் கெழவன் ஜன்னல்ல ஒக்காந்து நம்பர் எழுதிருக்கான். பென்ஷன் வாங்குற பெரிய மனுஷனாம், தூ!”

“வாயை அடக்கும்,” என்றாள் குணபூசணி.

“நீ அடக்கு கெழவி. உன் வீட்டையும் சோதனை போட்டா பாதி நகை அங்கதான் இருக்கும்.”

அய்யாவு கையை ஓங்கினான். அந்தோனிப்பிள்ளை அதைப் பிடித்து இறக்கினார். “அண்ணே இதுக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு வந்திருக்கீங்களா?”

“இந்தத் திருட்டு வீட்டுல எனக்கென்ன வேலை? இன்னிக்கித்தான் காலை வைக்கிறேன். குளிச்சுட்டுத்தான் கடைக்குப் போவணும்.”

“சரி. இன்ஸ்பெக்டர், வல்லிபுரம் சொன்ன நாலாவது பட்டன் காலி இல்ல. பெட்டியை இணைச்சாச்சு. இருநூத்திப் பன்னெண்டுல நிக்குது. நீங்களே பார்த்துக்கலாம்.”

தம்புசாமி இடுப்பிலிருந்து வாக்கிடாக்கியை எடுத்தார். “பிள்ளை, உன் வித்தை ஒண்ணும் என்கிட்ட வேணாம். கடை ஆபீஸ்ல என் கான்ஸ்டபிள் நிக்கிறான். அவன் மனசுக்குத் தோணின நம்பரை ஒரு தாள்ல எழுதி இப்ப சேஃப் கதவுல ஒட்டுவான். எனக்கே தெரியாது. இங்கிருந்து அதைப் படிக்க முடிஞ்சா, கெழவர் சேஃப் நம்பரைப் படிச்சார்னு நான் கோர்ட்ல சொல்லுவேன். சம்மதமா?”

“பாஸ், வேணாம்,” என்று அய்யாவு பல்லுக்கிடையில் சொன்னான்.

“சம்மதம்,” என்றார் அந்தோனிப்பிள்ளை.

வாக்கிடாக்கியில் உத்தரவு போனது. இன்ஸ்பெக்டர் முக்காலியை நோக்கி நகர்ந்தார். அதற்குள் விஜயன் குறுக்கே வந்துவிட்டான்.

“நான் பாக்கறேன் சார். அந்த ரூம்ல பதினோரு வருஷமா இருக்கேன். எது சேஃப், எது அலமாரின்னு எனக்குத்தான் தெரியும். அப்புறம் இந்த ஆளு, ‘இன்ஸ்பெக்டர் தப்பா பார்த்துட்டார்’னு கதை கட்டுவான்.”

“கடையைத் தெரிஞ்சவர் பார்க்கிறதுதான் நல்லது,” என்று அந்தோனிப்பிள்ளை வழி விட்டார்.

அய்யாவு அவரை முறைத்தான்.

விஜயன் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தான். குனிந்தான். கண்ணை வைத்தான். இரண்டு விநாடிகூட ஆகவில்லை; முதுகு குலுங்கச் சிரித்தான்.

“வாங்க, வந்து பாருங்க! தலைகீழாத்தான் தெரியுது, ஆனா பளிச்சுன்னு தெரியுது. சேஃப் கதவு. நம்பர் வட்டு. ஒட்டின தாள். அஞ்சு, எட்டு, பூஜ்யம், ரெண்டு. மார்க்கர் பேனா. எட்டுக்கு மேல மை கசிஞ்சிருக்கு சார்! கெழவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?”

“அஞ்சு, எட்டு, பூஜ்யம், ரெண்டு,” என்று தம்புசாமி வாக்கிடாக்கியில் கேட்டார்.

கரகரப்புக்குப் பின் பதில் வந்தது. “பெத்துல், துவான்!” சரிதான்.

குணபூசணி நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தாள். அந்தத் தூரத்தில் மை கசிந்தது வரை தெரிகிறது என்றால், பெட்டக எண்ணைப் படிப்பது எந்த மூலைக்கு? சிப்பந்திகளில் ஒருவன் விசிலடித்தான்.

“முடிஞ்சது,” என்றார் தம்புசாமி. “பிள்ளை, ரொம்ப நன்றி. நான் கேட்டிருந்தாகூட இவ்வளவு நல்ல சாட்சி கிடைச்சிருக்காது. பெட்டியைக் கட்டு.”

“கட்டலாம்,” என்றார் அந்தோனிப்பிள்ளை. “கோர்ட்ல ஜட்ஜ் உங்களைக் கேப்பார்: ‘இன்ஸ்பெக்டர், நீங்க பார்த்தீங்களா?’ன்னு. ஒரு தடவை பார்த்துட்டுக் கட்டுங்க. யாரும் எதையும் தொட வேணாம்.”

தம்புசாமி எரிச்சலோடு குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. கண்ணைச் சுருக்கினார், விரித்தார். கைக்குட்டையால் கண்ணாடி வில்லையை ஒற்றிவிட்டு மறுபடி குனிந்தார்.

“என்னய்யா இது? மூச்சு விட்டுட்டானா இதுல?”

“அக்கா, நீங்க பாருங்க.”

குணபூசணி பார்த்தாள். “ஒண்டுமே தெரியேல்லை. பால் ஊத்தின மாதிரிக் கிடக்கு.”

அய்யாவு முண்டியடித்துக்கொண்டு கண்ணை வைத்தான். பெட்டகம் இல்லை. தாள் இல்லை. ஜன்னல்கூட இல்லை. செலாயாங்கில் காடு எரிந்த மாதத்துப் புகைமூட்டம்போல் ஒரே வெளுப்பு.

“பட்டனை மாத்திட்டான் சார்!” என்றான் விஜயன். குரல் ஒரு படி ஏறியிருந்தது.

“எண்ணைப் பாருங்க. அதே இருநூத்திப் பன்னெண்டு.” அந்தோனிப்பிள்ளை இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தார். “கண்ணாடி போடுறவன் அதைக் கழட்டிட்டு இதுல பார்த்தா, அவன் கண்ணுல இருக்கிற குறையையும் சேர்த்து இந்தக் குழாய்தான் சரி பண்ணணும். அவனுக்குப் பளிச்சுன்னு தெரியற இடம் மத்தவனுக்குத் தெரியாது. வல்லிபுரம் ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணினவர். தூரத்துப் பார்வைக்குக் கண்ணாடியே போடறதில்ல. அக்கா நர்ஸு, கேட்டுக்குங்க. இந்த நாலாவது பட்டன்ல யாரோ வெச்சிருக்கிறது ஒரு கடையை மட்டும் இல்ல, இன்ஸ்பெக்டர். தன்னோட கண்ணையும் வெச்சுட்டுப் போயிருக்கான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்து, பட்டனை அமுக்கினதும் நேரா பெட்டகத்தைப் படிக்கணும்னு வெச்சது.”

விஜயன் ஜன்னல் விளிம்பில் கையால் துழாவினான். விரல்கள் மரத்தைத் தடவின, திரைச்சீலையைத் தடவின. கண்ணாடி ஒரு சாண் தள்ளி இருந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

அய்யாவு அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். “அம்மாடி! இது கண்ணாடியா, சோடா பாட்டில் அடிப்பாகமா? எத்தனை பவர் அண்ணே? பத்தா, பதினாலா?”

“குடுடா அதை!” விஜயன் பாய்ந்தான், அய்யாவு நிற்காத திசையில். முக்காலியில் முட்டப் போனவனின் முழங்கையைத் தம்புசாமி பிடித்தார். சிப்பந்திகள் இருவரும் அதற்குள் படி இறங்கியிருந்தார்கள்.

“இன்னிக்கித்தான் இந்த வீட்டுல காலை வைக்கிறேன்னு சொன்னே,” என்றார் இன்ஸ்பெக்டர், மெதுவாக. “காலு சரி. கண்ணு எப்பய்யா வந்துச்சு?”

தம்புசாமி மறுகையால் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோய், கோர்ட்டுக்குக் கிளம்ப இருந்த வண்டியை நிறுத்தச் சொன்னார். குணபூசணி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள், துப்பறிய வந்த இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே.

“பாஸ்,” என்று அய்யாவு அவர் பக்கம் நகர்ந்தான். “அந்த ஆள் வெளிய நிக்கும்போதே கதவைத் தொறக்கச் சொன்னீங்களே. உதைக்கிறவன் மூஞ்சியைக்கூட நீங்க அப்போ பார்க்கல. அதுக்கு முன்னாடி அவ்வளவு நேரம் குனிஞ்சு பார்த்தீங்க. என்னதான் தெரிஞ்சது?”

அந்தோனிப்பிள்ளை சுருள் வயரை மோட்டாரிலிருந்து கழற்றினார்.

“ஒண்ணுமே தெரியலடா. வெறும் புகை.”